பிஸ்கட் டப்பாவில் ஒரு பிறப்புச் சான்று

வீடு மாற்றுவது என்றாலே நமக்கெல்லாம் மலைப்புத்தான். பால்காரரிடம் சொல்ல வேண்டும், காஸ் கம்பெனியில் எழுதிக் கொடுக்க வேண்டும், குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச வேண்டும். போன வருஷம் என் மகள் கே.கே. நகரிலிருந்து தில்லை நகருக்கு ஜாகை மாற்றினாள். இரண்டும் நம் திருச்சிக்குள்ளேதான். அதற்கே ஒரு மாசம் தினமும் போன் பண்ணிப் புலம்பினாள். "அம்மா, எதை எடுத்துண்டு போறது, எதைத் தூக்கிப் போடறதுன்னே தெரியலை!"

அவளிடம் நான் எங்கள் மாடி வீட்டு அக்காவின் தோசைத் திருப்பியை ஞாபகப்படுத்தினேன். சின்னக் குழந்தையாக இருந்தபோது அவள் அந்த அக்காவின் மடியில் வளர்ந்தவள். உடனே புலம்பலை நிறுத்திவிட்டாள்.

அந்த அக்காவைப் பற்றி இப்போது உங்களிடமும் சொல்லப்போகிறேன். சொல்ல ஆரம்பித்தால் கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லாமல் தீராது. இரண்டு பேரும் பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து ஒரே தீவிலிருந்து ஒரே வருஷத்தில் கிளம்பி வந்தவர்கள். வந்து சேர்ந்த இடங்கள்தான் வேறு வேறு.

தோசைத் திருப்பியும் ஒற்றைச் செருப்பும்

1984 மாசி மாசம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஒரு குடும்பம் வந்து நின்றது. கணவன், மனைவி, ஐந்து வயசில் ஒரு பெண், கைக்குழந்தையாக ஒரு பையன். கொழும்பிலிருந்து விமானத்தில் திருச்சிக்கு வந்து இறங்கியவர்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம் அது.

என் கணவருக்குத் தயக்கம். போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும், நாளைக்கு விசாரணை அது இது என்று வந்தால்? என் மாமியாருக்கு வேறு கவலை. "மாடியிலே மீன் கீன் சமைப்பாளோ?" என்று என் காதில் கேட்டார். அதற்குள் அந்தச் சின்னப் பெண் நேராகப் போய் மாமியார் மடியில் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டது. அவ்வளவுதான். "பெருமாள் தெற்கே லங்கையைப் பார்த்துண்டுதானே சயனிச்சிண்டிருக்கார். விபீஷணனுக்குக் கொடுத்த வாக்கு அது. அங்கேர்ந்து வந்தவாளை நாம வாசல்லே நிறுத்தலாமோ?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த அக்கா சுத்த சைவம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அவர்கள் கொண்டு வந்த சாமான் ஒரு பெட்டி, ஒரு பை. பையிலிருந்து அக்கா ஒரு தோசைத் திருப்பியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் அக்கா, எங்க ஊர்ல இது கிடைக்காதுன்னு நினைச்சேளா?" என்றேன். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தங்கச்சி, என்ர வீட்டில மிஞ்சினது இது ஒண்டுதான்."

1983 ஜூலை 23-ந் தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் இரவு கொழும்பில் ஆரம்பித்த கலவரம் அடுத்த நாள் நகரம் முழுக்கப் பரவியது. கடைகள், வீடுகள், தொழிற்சாலைகள் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தெருவில் வந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எது தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்து நெருப்பு வைத்ததாகப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அக்காவின் வீடு வெள்ளவத்தையில். காலையில் தோசை ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். தெருக்கோடியில் புகை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாள் பின்பக்கமாக ஓடி வந்து, "பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஐந்து நிமிஷம்தான் இருந்தது. மூத்தவளை ஒரு கையில் பிடித்து, பிறந்து ஆறு மாசமான பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அந்த அம்மாள் வீட்டுச் சமையலறைக்குள் ஒளிந்த பிறகு பார்த்தால் கையில் தோசைத் திருப்பி! பெண்ணின் காலில் ஒரு செருப்பு. மற்றொன்று வழியில் விழுந்துவிட்டது. கல்யாணப் போட்டோ, நகை, சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் எதிர் ஜன்னல் வழியாகப் பார்க்கப் பார்க்க எரிந்தன.

பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளோடு அகதியாகச் சில நாட்கள். பிறகு சரக்குக் கப்பலில் காங்கேசன்துறை. அங்கே மாமனார் வீட்டில் ஏழு மாசம். அந்த ஏழு மாசத்தில் அவள் கணவர் செய்தது எல்லாம் காகிதம் சேகரித்ததுதான். பள்ளிக்கூடத்தில் நகல், கச்சேரியில் நகல், பாஸ்போர்ட்டுக்கு மனு. "காகிதம் இல்லாட்டி நான் ஆர் எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது தங்கச்சி" என்பாள் அக்கா. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெடிச் சத்தமும் ஒரு குழந்தையும்

மாடிக்குக் குடிவந்த சில நாட்களிலேயே எங்களுக்குள் நன்றாக ஒட்டிக்கொண்டது. "வாங்கோ, இருங்கோ" என்று அவர்கள் பேசுவதும் எங்கள் வீட்டுப் பேச்சும் பாதி ஒன்றாகவே இருந்தது. இலங்கை வானொலி கேட்டே வளர்ந்த எனக்கு அவள் பேச்சு பாட்டு மாதிரி இருக்கும். இடியப்பமும் சொதியும் கீழே வரும், புளியோதரை மாடிக்குப் போகும்.

ஆனால் அந்தப் பெண் குழந்தை விஷயம்தான் எங்கள் எல்லோரையும் படுத்தியது. பகலெல்லாம் நன்றாக விளையாடும். ராத்திரி படுக்கையை நனைத்துவிடும். கொழும்பில் மூன்று வயசிலேயே விட்டுவிட்ட பழக்கமாம் அது. அம்மா குளியலறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று அழும். அந்த வருஷம் தீபாவளிக்கு விடியற்காலை முதல் வெடி வெடித்ததும் குழந்தையைக் காணோம். வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் மாமியாரின் கட்டிலுக்கு அடியில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து அழவும் இல்லை. அழுதால் சத்தம் வெளியே கேட்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது!

அக்கா இடிந்து போய்விட்டாள். "பயப்பிடாதை, பயப்பிடாதை எண்டு சொல்லிச் சொல்லியே நான்தான் பயந்து போறன்" என்றாள். எங்களுக்குப் பழக்கமான ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயசானவர், கண்டிப்பானவர். மருந்து எதுவும் எழுதவில்லை. அவர் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன், இன்றைக்கும் உபயோகப்படும். படுக்கையை நனைத்தால் திட்டக் கூடாது, மற்றவர்கள் எதிரில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் தினமும் அதே நேரத்தில் நடக்கட்டும். அடுத்தது என்ன என்று தெரிந்தால் குழந்தைக்குப் பாதிப் பயம் போய்விடும். "அன்னிக்கு என்ன நடந்தது சொல்லு" என்று துருவாதீர்கள். அதுவாக விளையாட்டிலோ படத்திலோ சொன்னால் தடுக்காதீர்கள், கூட உட்கார்ந்து கேளுங்கள். வெளியே போனால் "இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொல்லி, சொன்ன மணிக்கு வந்து நில்லுங்கள்.

அந்தக் குழந்தை மாசக்கணக்கில் வீடு எரிகிற படமே வரைந்தது. என் மாமியார் கோலப்பொடியை அதன் கையில் கொடுத்து வாசலில் உட்கார்த்தி வைத்துக்கொள்வார். முதலில் கோலத்திலும் நெருப்புத்தான். பங்குனிக்குள் நெருப்பு போய், தேர் வந்தது. இந்தக் காலத்தில் குழந்தைகளின் மனநலத்துக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். பயந்த குழந்தைக்குத் தூக்கம் கெடுவது, படுக்கை நனைப்பது, ஒட்டிக்கொண்டே திரிவது எல்லாம் ஒரு மாசத்துக்கு மேலும் நீடித்தால் தாமதிக்காமல் அவர்களிடம் அழைத்துப் போங்கள். 'தானே சரியாகிவிடும்' என்று நாங்கள் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டு இருந்தது தப்பு.

அந்தத் தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்தது. கடைத்தெருவில் ஷட்டர்களை இழுத்து மூடும் சத்தம். நான் மாடிக்கு ஓடினேன். அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் செருப்புப் போட்டு, வார் இழுத்துக் கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலை இறக்கிக் கேட்டாள்: "தங்கச்சி, எந்தப் பக்கத்தால வருவாங்கள்?"

"யாரு அக்கா?" என்றேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இங்கே யாரும் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் கடை மூடியதோடு சரி. ஆனால் அதே நாட்களில் தில்லியில் சீக்கியர்களின் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். அதைப் பத்திரிகையில் படித்தபோதுதான் அக்காவின் கேள்வி எனக்குப் புரிந்தது.

முசிறிக்காரி

அக்கா வெள்ளிக்கிழமைதோறும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டப்பட்டு முகாமுக்குப் போவாள். அவளைப் போல நகரில் வாடகைக்கு இருந்த நாலைந்து பெண்கள் சேர்ந்து பால்மா, பழந்துணி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 1985-ல் ஒரு நாள் நானும் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜங்ஷன் வரை, அங்கிருந்து இன்னொரு பஸ்.

பத்தடிக்குப் பத்தடி அறை. நடுவே சேலையைக் கட்டித் தடுத்து அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். மூன்று கல் வைத்து அடுப்பு எரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு அக்கா மாதிரி இல்லை, நம் ஊர்ப் பேச்சு. விசாரித்தால் அவள் தாத்தா முசிறிப் பக்கத்துக்காரர்! தேயிலைத் தோட்ட வேலைக்குக் கண்டிக்குப் போனவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவிரிக்கு அந்தக் கரையில் பூர்வீகம். இங்கே அவளுக்குப் பெயர் அகதி. அன்றிலிருந்து என் மாமியார் அவளுக்கு வைத்த பெயர் 'முசிறிக்காரி'.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். இலங்கை சுதந்திரம் அடைந்ததும் 1948-ல் கொண்டு வந்த சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் போயிற்று. 1964 அக்டோபர் 30-ல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேர் விஷயம் பிறகு. 1974-ல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாம் கத்தரிக்காயைக் கூறு போடுவது மாதிரிதான்.

முசிறிக்காரியின் பெரியப்பா அந்த ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினார். அவர் இந்தியர். அவள் அப்பா, "பிறந்த மண்ணை விட்டு எங்கே போறது" என்று இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். 1977 கலவரத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்குப் போனார்கள். அங்கேயும் நிலைமை முற்றியதும் 1984 மார்கழியில் மன்னார்க் கரையிலிருந்து மீன்பிடிப் படகில் ஒரே ராத்திரியில் ராமேசுவரம். அப்பா மனுவுக்குப் பதில் வரவே இல்லை. அவளும் அவள் கணவனும் எந்தக் காகிதமும் இல்லாமல் மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு கொட்டப்பட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒரே குடும்பம். கப்பலில் வந்தவர் பிரஜை, படகில் வந்தவள் அகதி.

"ஆனா இங்க ராத்திரி தூங்குறோம்க்கா" என்றாள் அவள். "அங்க நான் சேலைய இறுக்கிக் கட்டிக்கிட்டேதான் படுப்பேன். எப்ப ஓடணும்னு தெரியாதில்ல."

1987 மார்ச் 25-ந் தேதி எங்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரக் கும்பாபிஷேகம். 13 நிலை, 236 அடி. நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற கோபுரம் முடிந்த சந்தோஷத்தில் ஊரே தலைகால் புரியாமல் இருந்தது. மூன்றாம் நாள் முகாமிலிருந்து ஆள் வந்தது, முசிறிக்காரிக்குப் புத்தூர்ப் பெரியாஸ்பத்திரியில் பிரசவம், பெண் குழந்தை என்று. பஸ் கூட்டத்தில் நசுங்கி, நானும் அக்காவும் ரசமும் பூண்டுக் குழம்பும் கொண்டு போனோம்.

அங்கே குழந்தையைப் பார்த்த கையோடு அக்கா கேட்ட முதல் கேள்வி: "பிறப்பைப் பதிஞ்சிட்டியளோ?"

முசிறிக்காரிக்குச் சிரிப்பு. "நாங்களே அகதி. இதுக்கு எதுக்குங்க சர்டிபிகேட்டு?" அக்காவுக்கு வந்ததே கோபம்! அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மறு வாரம் தானே நகராட்சிக்கு அலைந்தாள். (அப்போது திருச்சி நகராட்சிதான். மாநகராட்சி ஆனது 1994-ல்.) 'நிரந்தர விலாசம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாராம். "முசிறி எண்டு எழுதுங்கோ" என்றாளாம் அக்கா. அவர் முகாம் விலாசத்தைத்தான் எழுதினார். எப்படியோ, பெயரோடு முத்திரை குத்திய காகிதம் வந்தது. முகாம் அறை மழைக்கு ஒழுகும் என்பதால் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவைத்தார்கள். 1989 ஐப்பசியில் அவளுக்குப் பையன் பிறந்தான். அதே ஆஸ்பத்திரி. அந்தக் காகிதத்தையும் நானே நச்சரித்து வாங்க வைத்தேன்.

கனடாவும் கொட்டப்பட்டும்

அக்காவின் கணவர் 1986-லேயே கனடா போய்விட்டார். அந்த வருஷம் ஆகஸ்ட் மாசம் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், நடுக்கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை அங்கத்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு இவரிடமிருந்து கடிதம் வரும்வரை அக்கா சாப்பிட்டது அரை வயிறுதான். அவர் அந்தப் படகில் இல்லை. டொராண்டோவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கொழும்பில் கணக்கராக இருந்தவர்!

1988-ல் அக்காவும் பிள்ளைகளும் கிளம்பினார்கள். "போட்டு வாறன் தங்கச்சி" என்றுதான் சொன்னாள். போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் அவர்கள். முதல் குளிர்காலத்தில் எழுதிய கடிதம் முழுக்க அழுகை. ஜன்னலைத் திறக்க முடியாது, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு கஷாயம் சொல்ல ஆள் கிடையாது. ஆனாலும் 1990-களுக்குள்ளேயே குடும்பம் முழுக்கக் கனடாப் பிரஜைகள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்த அந்தக் குழந்தை இப்போது அங்கே பள்ளிக்கூட ஆசிரியை.

கொட்டப்பட்டில் காலம் வேறு மாதிரி போயிற்று. 1991 மே மாசம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்வாசிகள் எல்லோரையுமே சந்தேகத்தோடு பார்த்தார்கள். 'செக்கிங்' நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். பக்கத்து ஊர் விசேஷத்துக்குப் போய்த் தங்குவது என்றாலும் அனுமதி வாங்க வேண்டும். முசிறிக்காரி தன் பெரியப்பா சாவுக்கு முசிறிக்குப் போய்விட்டு அன்று சாயங்காலமே ஓடி வந்தாள். 2009-ல் அங்கே போர் முடிந்தது. சில குடும்பங்கள் திரும்பிப் போயின. இவள் எங்கே போவாள்? தோட்டத்தில் லயமும் இல்லை, வவுனியாவில் குடிசையும் இல்லை. 2021-ல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று உதவித்தொகையைக் கூட்டியது. 7,469 வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. நல்ல காரியங்கள். குடியுரிமை மத்திய அரசின் கையில்.

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த, இந்திய வம்சாவளியினரான 65 பேர் போட்ட வழக்கில், குடியுரிமை கேட்டு அவர்கள் மனுக் கொடுக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2022 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டில் வாழும் ஒரு பெண் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை, அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று. காரணம் ரொம்ப எளிது. நம் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே பிரஜைகள். அடுத்த நாள், அதாவது ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது.

செய்தி வந்த அன்று சாயங்காலம் முசிறிக்காரியிடமிருந்து போன். மூச்சு வாங்கப் பேசினாள். "அக்கா, அந்த டப்பா இருக்கா?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. முப்பத்தைந்து வருஷம்! நடுவில் இரண்டு தடவை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, மாமியார் போய்ச் சேர்ந்தாயிற்று, பரணில் இருந்த பழைய நோட்டுகளைக் கரையான் தின்று குப்பையில் போட்டது வேறு ஞாபகம் வந்தது. பரணைப் பார்த்தேன், பீரோவைப் பார்த்தேன். கடைசியில் பூஜை அலமாரியின் கீழ்த் தட்டில், மாமியாரின் பாசுரப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. கரையான் கிட்டே வராத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். மூடி துருப்பிடித்துக் கழன்று வர மறுத்தது. தோசைத் திருப்பியால் நெம்பித்தான் திறந்தேன். (அக்கா போகும்போது விட்டுப் போன அதே திருப்பிதான்.) காகிதம் பழுப்பேறியிருந்தது. ஆனால் முத்திரையும் தேதியும் தெளிவாக இருந்தன. 28-3-1987.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜூலை 1-க்கு மூன்று மாசம், மூன்று நாள் முன்னால்.

அலைச்சல், வக்கீல், விசாரணை எல்லாம் நடந்து, பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்த அன்று ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தோம். தம்பிக்காரனும் வந்திருந்தான். பெயிண்டர் வேலை பார்க்கிறான், நல்ல தொழில்காரன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டான்: "நானும் அதே ஆஸ்பத்திரிதானேம்மா? அதே வார்டுன்னு அம்மா சொல்லும்."

நான் என்ன பதில் சொல்ல? 1989-ல் பிறந்தவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. பயம் கொஞ்சம் குறைந்தது என்கிறாள் முசிறிக்காரி. குடியுரிமை பற்றி அதில் பேச்சில்லை.

என் மாமியார் இருந்திருந்தால் அவனுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். 1323-ல் தில்லிப் படை வந்தபோது எங்கள் நம்பெருமாளும் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பினவர்தான். பிள்ளை லோகாசார்யர் தள்ளாத வயசில் அவரைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்து வழியிலேயே பரமபதித்தார். திருமலை, செஞ்சி என்று சுற்றி, 1371-ல் பெருமாள் ஊர் திரும்பினால், இங்கே அதற்குள் வேறொரு விக்கிரகம் இருந்ததாம். எது பழைய பெருமாள் என்று சொல்லப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கண் தெரியாத ஒரு கிழட்டுச் சலவைக்காரர் மட்டும், திருமஞ்சனம் செய்த ஈரவஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தின் வாசனையை வைத்து, "இவரே நம் பெருமாள்" என்று சாட்சி சொன்னார் என்பது எங்கள் ஊர் ஐதீகம். ராஜகோபுரம் கட்டின வருஷம் திண்ணையில் உட்கார்ந்து மாமியார் இதைச் சொன்னபோது, மடியில் குழந்தையோடு இருந்த முசிறிக்காரி கேட்டாள்: "எங்களுக்கு யாரும்மா அந்த மாதிரி மோந்து பாத்துச் சொல்லுவாங்க?"

டொராண்டோவுக்கு வீடியோவில் கூப்பிட்டோம். அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பாஸ்போர்ட்டைக் காமிராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மனுப் போட வேண்டும் என்று இந்தப் பெண் சொன்னதும் அக்காவின் முகம் என்னவோ மாதிரி ஆனது. "அங்கை எங்கட பேர் அந்த லிஸ்டில இருந்ததாலதான் தங்கச்சி வீடு எரிஞ்சுது" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ கட்டாயம் போடு பிள்ளை" என்றாள்.

கிளம்பும்போது முசிறிக்காரி பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து என்னிடமே நீட்டினாள். "இதுதான் வேலை முடிஞ்சுதே?" என்றேன்.

"தம்பியோடது உள்ள இருக்குக்கா. உங்ககிட்டயே இருக்கட்டும். என்னைக்காச்சும் கேட்டாங்கன்னா அப்ப தேடக் கூடாதில்ல."

துருப்பிடித்த மூடியைச் சுரண்டித் துடைத்து, புதிதாக இரண்டு அந்துருண்டை போட்டு, மாமியாரின் புத்தகங்களுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தேன்.